இப்படியும் ஒரு வீடா

மழை பிடித்துக்கொண்டால் சோபாக்காரர் வீட்டில் எல்லோருடைய குரலும் தாழ்ந்துவிடும். மழைக்காலத்தில் சோபா காயாது. சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சி, பிரஷ் போட்டுத் தேய்த்து, மெஷினால் எவ்வளவுதான் உறிஞ்சி எடுத்தாலும் பஞ்சுக்குள் ஈரம் தங்கிவிடும். இரண்டு நாளில் வாடை கிளம்பும். "இருந்ததைவிட மோசமா வெச்சுட்டுப் போயிட்டீங்களே" என்று போன் வரும். அதனால் வானம் வெளுக்கும்வரை அவர் வேலை எடுப்பதில்லை. மெஷினை முன்னறையில் நிறுத்திவைத்து, அதன் குழாயைக் கழற்றி வெந்நீர் விட்டுக் கழுவுவார். கழுவியதையே மறுபடி கழுவுவார். மெஷினுக்கே கூச்சம் வந்துவிடும்போல இருக்கும்.

சோபாக்காரர் என்பது சனங்கள் வைத்த பெயர். சோபா மட்டுமல்ல, மெத்தை, தரைவிரிப்பு, கார் சீட் எல்லாம் வீடு தேடிப் போய்ச் சுத்தம் செய்வார். பேச்சு மட்டும் அவரிடம் கிடையாது. அதற்கும் சேர்த்து அவர் மனைவியிடம் இருந்தது. ஆர்டர் எடுப்பதெல்லாம் அவள்தான் என்பதால் அவளைப் 'போன் அக்கா' என்றுதான் வாடிக்கையாளர்கள் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவர்கள் பாதிப்பேர் தயங்கித்தான் ஆரம்பிப்பார்கள். "கொஞ்சம் மோசமா இருக்கும்... பசங்க பால் கொட்டி..." என்று இழுப்பார்கள். "சுத்தமா இருந்தா எங்களை எதுக்குங்க கூப்பிடப் போறீங்க? உங்க வீட்டு அழுக்குலதான் எங்க வீட்டு அடுப்பு எரியுது" என்பாள் போன் அக்கா. அந்தப் பக்கம் சிரிப்பு கேட்கும். சிரித்துவிட்டால் ஆர்டர் உறுதி.

அந்த மழையில்தான் வெப்சைட் பேச்சு வந்தது. போன் அக்காவின் தங்கை கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். "மாமாவோட வேலைக்கு ஒரு வெப்சைட் இல்லேன்னா எப்படிக்கா? புதுசா குடிவர்றவங்க எல்லாம் நெட்டுலதான் தேடறாங்க" என்று சொல்லிவிட்டு, ஆபீஸ் முடிந்ததும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். சாப்பாட்டு மேசைமேல் டீயும் ரொட்டியும் லேப்டாப்பும். ஜன்னலுக்கு வெளியே மழை.

"'எங்களைப் பற்றி'ன்னு ஒரு பக்கம் வேணும். சொல்லுங்க மாமா."

"என்னத்தச் சொல்ல? சோபா கழுவுறேன்."

"அதையே கொஞ்சம் நீட்டிச் சொல்லணும்."

"நல்லா கழுவுறேன்."

தங்கை தலையில் கை வைத்துக்கொண்டாள். போன் அக்கா ரொட்டியை டீயில் முக்கியபடியே சொன்னாள்: "கழுவுறோம்னு போடாதடி. 'உங்கள் சோபா உங்களைச் சுமக்கிறது. அதை நாங்கள் கவனிக்கிறோம்'னு போடு."

"அக்கா! எங்க ஆபீஸ்ல இதுக்குன்னே ஆள் வெச்சிருக்காங்க, அவங்களுக்கு இப்படி வராது."

போன் அக்காவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. தன் வாய்க்கு வீட்டில் திட்டுதான் கிடைக்கும் என்று இருந்தவள், அது எழுத்தாகித் திரையில் தெரிவதைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தாள்.

அடுத்து படங்கள். சோபாக்காரர் எந்த வீட்டுக்குப் போனாலும் வேலைக்கு முன்னால் ஒன்று, முடிந்தபின் ஒன்று எனப் போனில் எடுத்து வைத்துக்கொள்வார். முன்பு ஒரு வீட்டில், ஏற்கெனவே இருந்த கிழிசலை நீதான் கிழித்தாய் என்று சண்டைக்கு வந்ததிலிருந்து அந்தப் பழக்கம். ஆனால் அந்தப் படங்களில் வெளிச்சமும் இல்லை, வித்தியாசமும் இல்லை.

"பிஃபோரும் ஆஃப்டரும் ஒரே மாதிரி இருக்கு மாமா. பாக்கறவங்க 'அட'ன்னு சொல்லணும்."

போன் அக்கா கணவரின் போனை வாங்கிப் படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். ஒரு படத்தில் விரல் நின்றது.

நீளமான சோபா. ஒரு காலத்தில் வெளிர் நிறமாக இருந்திருக்கும். இந்தக் கைப்பிடியிலிருந்து அந்தக் கைப்பிடிவரை கருத்த திட்டு, நடுவே குழிந்து கிடந்தது. அதைச் சுற்றிப் பழுப்பு வளையங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. தலைப்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு மின்னியது. பின்னால் ஜன்னல், அதில் கோடு போட்ட திரை. அடுத்த படத்தில் அதே சோபா, அப்போதுதான் கடையிலிருந்து வந்ததுபோல.

"இதாண்டி!"

சோபாக்காரர் எட்டிப் பார்த்தார். "அது வேணாம்."

"ஏன் வேணாம்?"

"அந்த அம்மா ரொம்பத் தயங்கித்தான் உள்ள விட்டாங்க. யாருக்கும் தெரிய வேணாம்னு சொன்னாங்க."

"இதுல மூஞ்சி தெரியுதா? பேர் தெரியுதா? வெறும் சோபாதானே."

"இல்ல, இருந்தாலும்..."

'இருந்தாலும்' என்பதற்குப் பிறகு அவருக்கு எப்போதும் வாக்கியம் வராது. சற்றுக் காத்திருந்துவிட்டு, தங்கை படத்தை ஏற்றினாள். "கீழ ஒரு வரி வேணும்கா. நச்சுன்னு."

போன் அக்கா யோசிக்கக்கூட இல்லை. "இப்படியும் ஒரு வீடா? பயப்படாதீங்க, நாங்க பாத்துக்கறோம்!"

தங்கைக்குச் சிரிப்பில் டீ புரையேறியது. அவள் முதுகைத் தட்டிக்கொண்டே போன் அக்காவும் சிரித்தாள். சோபாக்காரரும் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஊரறியத் திறப்பது என்று முடிவாயிற்று. அதற்குள் மழையும் விட்டுவிடும் என்று செய்தியில் சொல்லியிருந்தார்கள். "அதுக்கு முன்னாடி தெரிஞ்சவங்களுக்கு மட்டும் லிங்க் அனுப்பிப் பாக்கலாம். எழுத்துப்பிழை கிழை இருந்தா சொல்லுவாங்க" என்றாள் தங்கை. மறுநாள் காலை, அவள் ஆபீஸுக்குப் போனபின், போன் அக்கா அந்தத் தெரிஞ்சவங்க பட்டியலைத் தாராளமாக நீட்டினாள். போனில் இருந்த பழைய வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் ஒரே தட்டில் அனுப்பிவிட்டாள்.

பதில்கள் வந்து குவிந்தன. ரொட்டிக்கடைக்காரர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். பல் டாக்டர் மனைவி, "ஐயோ, யார் வீடு அது?" என்று கேட்டுச் சிரிக்கிற முகங்களை வரிசையாகப் போட்டிருந்தார். "அது தொழில் ரகசியம்" என்று பதில் போட்டு, போன் அக்காவும் ஒரு சிரிக்கிற முகத்தை வைத்தாள். அன்று அடுப்பில் சோறு குழைந்தது. அதையும் அவள் கண்டுகொள்ளவில்லை.

மத்தியானம் சாப்பிட உட்காரும் நேரத்தில் ஒரு போன்.

"சோபா சுத்தம் பண்றவங்க வீடுதானே?"

"ஆமாங்க, சொல்லுங்க! லிங்க் பாத்தீங்களா?"

"பாத்தேன். நீங்க ஒரு கேள்வி கேட்டிருக்கீங்க."

"கேள்வியா? என்ன கேள்விங்க?"

"'இப்படியும் ஒரு வீடா'ன்னு. கேள்விக்குறிகூடப் போட்டிருக்கீங்க. பதில் சொல்லலாம்னு கூப்பிட்டேன். நேர்ல வர முடியுமா?"

குரல் உயரவில்லை, தடுமாறவும் இல்லை. அதனால்தான் அது யார் என்று போன் அக்காவுக்கு உடனே தெரிந்துவிட்டது. நூலகத்தம்மா. பொது நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் இடத்தில் ஓய்வு பெறும்வரை உட்கார்ந்திருந்தவர். பக்கத்தை மடக்கிக் கொண்டுவந்து கொடுத்தால் திட்டமாட்டார். கண்ணெதிரிலேயே அந்த மடிப்பை நகத்தால் நீவி நேராக்குவார். அதற்குப் பிறகு யாருக்கும் மடக்கத் தோன்றாது. கணவர் இறந்து கொஞ்ச நாளானதும் சோபாவைச் சுத்தம் செய்யச் சொல்லிக் கூப்பிட்டவர் அவர்தான். அப்போது "சரிம்மா, அவரை வரச் சொல்லும்மா" என்று பேசியவர், இன்று 'நீங்க' என்றார்.

போன் அக்கா நின்ற இடத்திலேயே தங்கைக்கு அடித்தாள். "அந்தப் படத்தை எடு. இப்பவே எடு."

"என்னக்கா ஆச்சு?"

"எடுடீ!"

கொஞ்ச நேரத்தில் தங்கையே கூப்பிட்டாள். "எடுத்துட்டேன்கா. அதுக்குள்ள யாரும் பெருசா பாத்திருக்க மாட்டாங்க."

"யார் பாக்கக் கூடாதோ அவங்க பாத்துட்டாங்க."

சோபாக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் பேசியதிலிருந்தே அவருக்குப் புரிந்துவிட்டது. 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தாள். சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டாவது கொஞ்சம் மூச்சுவிட்டிருக்கலாம். அவர் தட்டை எடுத்துப் போய்க் கழுவி வைத்தார்.

"கிளம்பு."

"நீங்க மட்டும் போயிட்டு வாங்களேன். உங்களைத்தான் அவங்களுக்குத் தெரியும். நான் என்னன்னு போய் நிப்பேன்?"

"எழுதினது நீ."

அவள் உடை மாற்றிக்கொண்டாள். "வெறுங்கையோட எப்படிப் போறது, ஏதாவது பழம் கிழம்..." என்று வண்டியில் ஏறும்போது முனகினாள். "எதுக்குன்னு சொல்லிக் குடுப்ப?" என்றார் அவர். வழியெல்லாம் மழை கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. பின்னால் மெஷின், ஒவ்வொரு திருப்பத்திலும் பக்கெட்டில் இடித்துக்கொண்டே வந்தது.

இரண்டாம் மாடி. நூலகத்தம்மா கதவைத் திறந்தார். இஸ்திரி மடிப்பு கலையாத உடை, இழுத்து வாரிய நரைமுடி. முன்னறையில் ஒரு சுவர் நிறையப் புத்தகம். ஆனால் போன் அக்காவின் கண்ணில் முதலில் பட்டது ஜன்னலில் தொங்கிய கோடு போட்ட திரைதான். படத்தில் பார்த்ததைவிட அது அழகாக இருந்தது.

"உக்காருங்க."

"பரவாயில்லம்மா, நிக்கிறேன்."

"உங்க வீட்டுக்காரர் சுத்தம் பண்ணின சோபாதான். தைரியமா உக்காருங்க."

இருவரும் நுனியில் உட்கார்ந்தார்கள். நூலகத்தம்மா எதிரே ஒரு மர நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டார்.

"அம்மா, படத்தை எடுத்துட்டோம். தெரியாம..."

"நான் சொல்லி முடிச்சிடறேன். அவர் பஸ் ஓட்டினவர். பக்கவாதம் வந்ததும் உள் ரூம்ல படுக்க வெச்சேன். அங்க ஜன்னல் இல்ல. தெருவைப் பாக்காம இருந்தா மூச்சு முட்டுதுன்னு சைகை காட்டுவார். இந்த ரூம்ல கட்டில் நுழையாது. அதனால சோபா. இங்க படுத்தா பஸ் போறது தெரியும். எந்த பஸ் லேட்டுன்னுகூடக் கண்டுபிடிச்சிடுவார். பிளாஸ்டிக் விரிச்சா சுடுதுன்னு இழுத்துப் போட்டுடுவார். தூக்கிப் புரட்ட எனக்குத் தெம்பு பத்தல. தொடைக்காத நாள் கிடையாது. தொடைக்கத் தொடைக்க அந்த வளையம்தான் பெருசாச்சு."

போன் அக்காவின் கை, தன்னையறியாமல் சோபாத் துணியைத் தொட்டுவிட்டு மடிக்குத் திரும்பியது.

"அப்புறம் ஒருநாள் அவரோட கூட்டாளிங்க வந்தாங்க. டிப்போல கூட வேலை பாத்தவங்க. கதவைத் திறக்கப்போனவ திரும்பி இந்த சோபாவைப் பாத்தேன். எனக்கு வெக்கமாப் போச்சு. வாசல்லயே நின்னு, 'தூங்கறார், இன்னொரு நாள் வாங்க'ன்னு அனுப்பிட்டேன். உள்ள வந்ததும் 'யாரு'ன்னு கண்ணால கேட்டார். தபால்னு சொன்னேன். அப்புறம் யார் வந்தாலும் தபால்தான். அவங்களும் எத்தனை தடவை வருவாங்க? நின்னுட்டாங்க. கடைசிவரைக்கும் தன்னை எல்லாரும் மறந்துட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டேதான் அவர் போனார்."

சோபாக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க கேட்டதுக்கு அதான் பதில். இப்படியும் ஒரு வீடு இருந்துச்சு. அதை யாரும் பாக்கக் கூடாதுன்னு ஒரு மனுஷனையே பூட்டி வெச்சேன். இன்னிக்கு எல்லாரும் பாத்துட்டாங்க."

"எல்லாரும் இல்லம்மா, கொஞ்சம் பேருக்குத்தான்..."

"அவரோட தங்கச்சிக்குப் போயிடுச்சே. உங்க லிஸ்ட்ல இருந்த யாரோ சிரிக்கறதுக்குன்னு அனுப்ப, அப்படியே கைமாறிப் போயிருக்கு. தூரத்துல இருக்கா. அந்தத் திரை அவ வாங்கிக் குடுத்தது. பாத்ததும் கண்டுபிடிச்சிட்டா. போன்ல விசாரிக்கறப்பல்லாம் 'அண்ணன் நல்லா இருக்கார், சுத்தமா வெச்சிருக்கேன்'னு சொல்லிட்டிருந்தேன். காலைல கூப்பிட்டு, 'எங்க அண்ணனை இதுலயா போட்டு வெச்சிருந்தீங்க அண்ணி'ன்னு கேட்டா. நான் போனை வெச்சுட்டேன்."

போன் அக்கா எழுந்து நின்றாள். "நான் பேசறேம்மா. அவங்க நம்பர் குடுங்க. தப்பு முழுக்க எங்களோடதுன்னு நானே சொல்றேன்."

"வேணாம்."

"நான் பேசினா புரிஞ்சுக்குவாங்கம்மா. எத்தனையோ பேர்கிட்ட பேசியிருக்கேன்."

நூலகத்தம்மா அவளைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு தன் போனிலேயே நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து நீட்டினார்.

"சொல்லுங்க அண்ணி."

"நான் அண்ணி இல்லீங்க. சோபா சுத்தம் பண்றவங்க வீட்டுலேருந்து பேசறேன். அந்தப் படம் போட்டது நாங்கதான். அந்த வரியை எழுதினது நான். அம்மாகிட்ட கேக்காம போட்டுட்டோம். இதுல அவங்க தப்பு எதுவும் இல்ல, தப்பு எங்களோடது."

அந்தப் பக்கத்திலிருந்து கேள்விதான் வந்தது.

"படம் பொய்யா?"

"இல்லீங்க... படம் உண்மைதான்."

"எங்க அண்ணன் படுத்திருந்த சோபாதானே?"

"ஆமாங்க. ஆனா அது எப்படி ஆச்சுன்னா..."

"அப்ப உங்க தப்பு என்ன? நீங்க போட்டதாலதான் எனக்குத் தெரிஞ்சுது" என்று சொல்லி அந்தப் பெண் வைத்துவிட்டாள்.

போன் அக்கா போனைக் கையில் வைத்தபடி நின்றாள். கண் முட்டிக்கொண்டு வந்தது.

"அழாதீங்க" என்றார் நூலகத்தம்மா. "நீங்க அழுதா நான் ஆறுதல் சொல்லணும். இன்னிக்கு எனக்கு அதுக்குத் தெம்பு இல்ல."

அவள் அழுகையை விழுங்கிக்கொண்டாள். சோபாக்காரர் எழுந்து, "நானாவது தடுத்திருக்கணும்மா. தடுக்கல" என்றார். "ஆமா, தடுத்திருக்கணும்" என்றார் நூலகத்தம்மா. அவ்வளவுதான். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வாசல்வரை கூடவே வந்தார்.

கதவைத் திறந்தபோது எதிர்வீட்டுப் பெண் குடையை உதறியபடி படியேறி வந்தாள். சோபாக்காரரின் நம்பரை நூலகத்தம்மாவுக்குக் கொடுத்தவளே அவள்தான். போன் அக்காவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"அட, நீங்களா! வெப்சைட் பாத்தேன். ரொம்ப நல்லா இருக்கு. அந்தப் படம்கூட..." அவள் பார்வை திறந்த கதவு வழியே உள்ளே போய், ஜன்னல் திரையைத் தொட்டுவிட்டு வந்தது. "எங்கயோ பாத்த வீடு மாதிரி இருக்கேன்னு நெனச்சேன்."

போன் அக்கா திரையை மறைக்கிறமாதிரி நகர்ந்து நின்றாள்.

"இந்த வீடுதான்" என்றார் நூலகத்தம்மா.

"ஐயோ, அப்படியா! உங்களுக்குத் தெரியாம போட்டுட்டாங்களா?"

"தெரியாம எப்படிப் போடுவாங்க? நான்தான் போட்டுக்கச் சொன்னேன். வேலை அவ்வளவு நல்லா இருந்துச்சு. நாலு பேருக்குத் தெரியட்டுமேன்னுதான்."

"நீங்களா?"

"ஏன், என் சோபாதானே" என்றார். போன் அக்காவின் தோளைத் தொட்டு, "மழை வலுக்கறதுக்குள்ள போயிட்டு வாம்மா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். எதிர்வீட்டுப் பெண் கையில் குடையோடு அசடு வழிய நின்றாள்.

இருவரும் படியிறங்கினார்கள். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும், "பெரிய மனசு" என்றார் சோபாக்காரர்.

"பெரிய மனசுன்னு சொல்லாதீங்க. அவங்களுக்கு வேற என்ன சொல்ல இருந்துச்சு? தெரியாம போட்டாங்கன்னு சொன்னா, மறைச்சு வெச்சிருந்தாங்கன்னு ஆயிடும். வேற வழியே இல்லாம பண்ணினது நான்." கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தாள். மழை முழங்காலில் அடித்தது. "நான் மேல போய் அந்தப் பொம்பளைகிட்ட உண்மையைச் சொல்லிட்டு வந்துடறேன். அவங்க போடச் சொல்லல, நாங்கதான் கேக்காம போட்டோம்னு."

"சொல்லி?"

"சொன்னா எனக்குக் கொஞ்சம்..."

"உனக்குக் கொஞ்சம் லேசாகும்" என்றார் அவர். "அவங்க வாயால சொன்னது பொய்யாயிடும். கதவைச் சாத்து."

மழை வண்டிக்குள் தெறித்துச் சீட்டு நனையும்வரை அவள் அப்படியே இருந்தாள். பிறகு காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெப்சைட் திறக்கவில்லை. மழை விட்டு, வெயில் நிலைத்தபின் ஒருநாள் சத்தமில்லாமல் திறந்தார்கள். அதில் மெஷினின் படம் ஒன்று, போன் நம்பர், அவ்வளவுதான். பெரிய கூட்டம் வரவில்லை. ஆனாலும் புதிதாகச் சில பேர் கூப்பிட்டார்கள். "ஏதாவது எழுதித் தாயேன்கா, வெறிச்சுன்னு இருக்கு" என்று தங்கை கேட்டுப்பார்த்தாள். "இருக்கட்டும்" என்றாள் போன் அக்கா. சோபாக்காரர் இப்போது வேலைக்கு முன் எடுக்கும் படத்தை, வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் முன்னாலேயே அழித்துவிடுகிறார்.

எதிர்வீட்டுப் பெண் வாய் சும்மா இருக்கவில்லை. நூலகத்தம்மாவே படத்தைப் போடச் சொன்னார் என்பது ஒரு நல்ல செய்தியாகப் பரவிவிட்டது. ரொட்டி வாங்கப் போன இடத்தில் கடைக்காரரின் மனைவி கேட்டாள்: "அந்த அம்மாவே போடச் சொன்னாங்களாமே? படிச்சவங்க படிச்சவங்கதான். நானா இருந்தா நாண்டுக்கிட்டு நின்னிருப்பேன். உங்க மேல எவ்வளவு பிரியம் பாருங்க!"

பின்னால் ஆட்கள் நின்றிருந்தார்கள். போன் அக்காவுக்குக் காது சுட்டது. ரொட்டிப் பையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஆமாங்க" என்றாள்.